ஆறாயிரம் ரூபாய் விமானமும் அரைச் சொட்டுப் பசையும்

மொத்தம் பதினோரு விநாடி. வீடியோ என் மொபைலில் இருக்கிறது, அதனால் கணக்கில் தப்பில்லை.

முதல் மூன்று விநாடி, தம்பியின் ஃப்ரெண்ட் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். நாலாவது விநாடியில் கையை விடுகிறான், அது பறக்கிறது. ஏழாவது விநாடியில் "டேய்... போகுது பாருடா!" என்று ஒரு குரல் கத்துகிறது. அது நான்தான். ஒன்பதாவது விநாடியில் விமானத்தின் மூக்கிலிருந்து ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு, விமானத்தைவிட வேகமாக முன்னால் போகிறது. அது மோட்டார். மூன்று ஒயர்களையும் உருவிக்கொண்டு, காற்றாடி சுற்றச் சுற்றத் தனியாகப் பறந்தது. மூக்கில் கனம் போனதும் விமானம் வாலை இறக்கி, வானத்தைப் பார்த்து ஒரு கணம் நின்று, அப்படியே கீழே வந்தது.

விழுந்த இடத்துக்கு இரண்டு கை தூரத்தில் எங்கள் கீழ் வீட்டுப் பையன் நின்றிருந்தான். ஐந்தாம் வகுப்பு. "நானும் வரேன்க்கா" என்று அடம்பிடித்து வந்தவன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பொன்னேரி பக்கம், அறுவடை முடிந்த வயல். விடியற்காலையில் திருவொற்றியூரிலிருந்து இரண்டு பைக்கில் போயிருந்தோம். திரும்பி வரும்போது தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் புள்ள மேல வுழுந்திருந்தா அவங்க அம்மாக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலை, காலையில் தங்கம் விலை, மதியம் மழை அப்டேட், சாயங்காலம் யாராவது நடிகரின் பிறந்தநாள். இந்தப் பத்தியில் மட்டும்தான் எங்கள் ஏரியாவைப் பற்றி எழுத விடுகிறார்கள். இந்த வாரம் வீட்டுக்குள்ளேயே மேட்டர் கிடைத்துவிட்டது.

தம்பி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். சனி, ஞாயிறில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. ஏழு மாதம் சேர்த்து வைத்து ஆன்லைனில் ஒரு ரிமோட் விமானம் வாங்கினான். விமானம், மோட்டார், சர்வோ எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம். பேட்டரியும் சார்ஜரும் தனி. ரிமோட் செகண்ட் ஹேண்ட். எல்லாம் சேர்ந்து பதிமூன்றாயிரத்தைத் தாண்டிவிட்டது. அம்மாவிடம் சொன்ன கணக்கு வேறு, அதை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

இந்த மாதிரி விமானங்களை ஏ.ஆர்.எஃப் என்கிறார்கள். ஆல்மோஸ்ட் ரெடி டு ஃப்ளை. அதாவது, கிட்டத்தட்டப் பறக்கத் தயார். மரச்சட்டங்களை வெட்டி, ஒட்டி, மேலே கலர் ஃபிலிம் போர்த்தி, இறக்கையும் உடம்பும் தனித்தனியாகப் பெட்டியில் வந்துவிடும். நாம் ஸ்க்ரூ முடுக்கி, மோட்டாரையும் ரிசீவரையும் பொருத்தினால் போதும். இந்த 'கிட்டத்தட்ட'வை அம்மா சமையல்கட்டிலிருந்து சொல்லும் 'தோ, அஞ்சு நிமிஷம்' மாதிரிதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

விமானம் உடைந்த அன்றே தம்பி விற்றவர்களுக்கு போட்டோ அனுப்பினான். அடுத்த நாள் பதில் வந்தது. "பைலட் எர்ரர். க்ராஷ் டேமேஜுக்கு வாரன்ட்டி கிடையாது." அதோடு முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு வரவில்லை. அவன் அதை நம்பிவிட்டான். "நான்தான்கா த்ராட்டிலை ஒரேடியா ஏத்திட்டேன். எனக்கு இது செட் ஆவாது" என்றான். பெட்டியைப் பரண் மேல் போட்டான். இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பொருள் போனதைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டு ஃபேனைக் கழற்றி மாட்டுகிறவன், தன் கையை நம்பாமல் போய்விட்டான்.

விழுந்து உடைந்ததா, உடைந்து விழுந்ததா?

பெரியப்பா எண்ணூரில் லாரி செய்கிற கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டையர் ஆனவர். கடைசி பன்னிரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். எங்கள் வீட்டுக்கு வந்தால் கதவுக் கீலை ஆட்டிப் பார்ப்பார், கேஸ் அடுப்புக் குமிழைத் திருகிப் பார்ப்பார். அவர் கையில் டீ கப்பைக் கொடுத்தால்கூட அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு வந்தவர், பரணிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு இறக்கச் சொன்னார். மூக்குப் பகுதியையும், மோட்டாரோடு பிய்ந்து போன சதுரமான ப்ளைவுட் பலகையையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது வுழுந்து ஒடையல. ஒடைஞ்சி வுழுந்திருக்கு."

விமானத்தின் மூக்கில் மோட்டாரைத் தாங்கும் பலகைக்கு ஃபயர்வால் என்று பெயர். பெரிய விமானங்களில் இன்ஜின் தீ உள்ளே வராமல் தடுக்கிற சுவர், மாடல் விமானத்தில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மோட்டார் இழுக்கிற இழுவை முழுவதும் இந்தப் பலகை வழியாகத்தான் விமானத்துக்குப் போகிறது. எங்கள் விமானத்தின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ, மோட்டாரின் இழுவையும் கிட்டத்தட்ட அந்த அளவு. நிமிஷத்துக்கு ஏழெட்டாயிரம் சுற்று சுற்றும் காற்றாடியின் அதிர்வும் அதோடு சேரும். இவ்வளவும் நாலு ஓரத்து ஒட்டை நம்பி நிற்கிறது.

பெரியப்பா காட்டிய பிறகுதான் எனக்கும் தெரிந்தது. நன்றாக ஒட்டிய மரத்தைப் பிய்த்தால், மரம்தான் கிழியும். பசையின் மேல் மரநார் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே பலகையின் நாலு ஓரத்தில் ஒன்றில் மட்டும் க்ளூ கன் பசை ஒரு கோடு. மிச்ச மூன்றும் கடையில் வாங்கிய புதுப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தன. எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று யாரோ போட்ட பென்சில் கோடுகூட அழியவில்லை. அந்தக் கோட்டின் மேல் பசை விழவே இல்லை.

க்ளூ கன் பசைக்கு இன்னொரு குணம் உண்டு. சூட்டில் உருகித்தான் ஒட்டுகிறது, சூடு பட்டால் திரும்ப இளகுகிறது. சென்னை வெயிலில் டெலிவரி வேனுக்குள் கிடந்து, பிறகு மோட்டாருக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் அது என்ன ஆகும்?

"த்ராட்டில் ஏத்தாம எப்டி பறக்கும்? இது நீ ஏத்துனதால போவல. நீ ஏத்துற வரைக்கும் நின்னுச்சே, அதான் ஆச்சரியம்" என்றார் பெரியப்பா. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போய் டூல்ஸ் பெட்டியை எடுத்து வந்தான்.

அப்புறம் மதியம் முழுக்க அந்த விமானத்துக்கு ஹாலில் பிரேதப் பரிசோதனை நடந்தது. குழம்பு ஆறிப்போனதற்கு அம்மா திட்டியது தனிக் கதை.

இறக்கையைத் தட்டிப் பார்த்தார், தேங்காய் தட்டுகிற மாதிரி. உள்ளே விலா எலும்பு போல வரிசையாகச் சட்டங்கள் இருக்கும். ஒட்டியிருக்கிற சட்டத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்டது, ஒட்டாத இடத்தில் 'சர்'ரென்று ஒரு நடுக்கம். அப்படி மூன்று சட்டங்களுக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசைகிற பட்டைக்கு அய்லரான் என்று பெயர். விமானம் இடம், வலம் சாய்வது அதனால்தான். அதைக் கீலோடு சேர்த்து இரண்டு விரலால் மெல்ல இழுத்தார். ஒரு கீல் அப்படியே கையோடு வந்துவிட்டது. சொருகியிருந்தார்கள், ஒட்டவில்லை. மோட்டார் பிடுங்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அடுத்து இதுதான் போயிருக்கும், அப்போது விமானம் இன்னும் உயரத்தில், இன்னும் வேகத்தில் இருந்திருக்கும்.

பிறகு இரண்டு இறக்கைகளையும் அம்மாவின் சமையல் தராசில் வைத்தோம். இடது 148 கிராம், வலது 163 கிராம். மொசைக் தரையில் இறக்கையைப் படுக்க வைத்தால் ஒரு முனை தரையைத் தொடவில்லை. அடியில் தம்பியின் ஸ்கேல் ஒன்பது மில்லிமீட்டர் காட்டியது. இந்த முறுக்கல் இருந்தால் விமானம் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். பழக்கப்பட்டவர் இரண்டு விநாடியில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார். புதிதாகப் பழகுகிறவன், தன் கைதான் சரியில்லை என்று நினைப்பான்.

மலிவு விமானங்களில் என்னைக் கோபப்படுத்துகிற விஷயம் இதுதான். யாருக்காக விற்கிறார்கள்? முதன்முதலில் பழகுகிறவனுக்காக. ஒட்டு சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்கிற கண் அவனுக்குத்தான் இருக்காது. விழுந்தால் 'நான்தான் தப்பா ஓட்டிட்டேன்' என்று ஒப்புக்கொள்கிறவனும் அவன்தான். அதோடு, விழுந்த பிறகு எது முதலில் உடைந்தது என்று காட்டுவதற்குச் சாட்சியும் மிஞ்சாது. எங்களுக்கு அந்தப் பென்சில் கோடு மிஞ்சியது.

பெட்டியில் வந்த ஒரு பக்க விளக்கத்தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்த படம் வேறு விமானத்தின் படம்.

விலை எங்கே குறைகிறது?

டிசைன் மோசமில்லை என்கிறார் பெரியப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. லேசரில் வெட்டிய துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகவே உட்கார்கின்றன. மெஷின் செய்த வேலை ஒழுங்காக இருக்கிறது. கை செய்ய வேண்டிய வேலையில்தான் கை வைத்திருக்கிறார்கள். பசைக்கு விலை அதிகமில்லை, அது காய்வதற்கான நேரத்துக்குத்தான் விலை. எபாக்ஸி போட்டு க்ளாம்ப் மாட்டி மணிக்கணக்கில் வைப்பதற்குப் பதில், க்ளூ கன்னால் ஒரு கோடு இழுத்தால் அரை நிமிஷத்தில் அடுத்த விமானத்துக்குப் போய்விடலாம். அதனால்தான் ஒரே மாடலில் ஒரு பெட்டி நன்றாக இருக்கும், அடுத்த பெட்டி இப்படி இருக்கும்.

மரத்திலும் விஷயம் இருக்கிறது. மாடல் விமானத்துக்கு ஏற்ற மரம் பால்சா. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு லேசு. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளுக்கு உள்ளேயும் பால்சாதான் வைக்கிறார்கள். 2020 வாக்கில் காற்றாலைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதில் பால்சாவுக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. கன்னியாகுமரி பக்கம் சுற்றுகிற ராட்சதக் காற்றாடிக்கும் தம்பியின் பொம்மை விமானத்துக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது.

இந்த ஊரில் ஒட்டுவதும் இணைப்பதும் தெரியாத ஆளா இல்லை? அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் ஆளாக்கிவிட்ட ஃபிட்டர்களும் வெல்டர்களும் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். சென்னையில் விமானம் பறந்த கதையே ஒரு பட்டறையில்தான் தொடங்குகிறது. 1910-ல் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் பல்லாவரத்தில் பறக்கவிட்ட விமானம், சிம்ப்சன் கம்பெனியில் உருவானது. அப்போது அவர்களின் தொழில் கோச்சு வண்டி கட்டுவது. நம் காலத்துக்கு வந்தால், குரோம்பேட்டை எம்.ஐ.டி-யின் தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித். ஏரோமாடலிங்கில் அவருக்கு உள்ள ஆர்வம் ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான்.

காசிமேட்டு வைத்தியம்

ஃபயர்வாலை எதை வைத்து ஒட்டுவது என்று பேச்சு வந்தபோது, தம்பியின் ஃப்ரெண்ட் காசிமேட்டுக்குப் போகலாம் என்றான். அவன் மாமா அங்கே ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிறவர். கண்ணாடி நார் மேட், ரெசின், ஹார்ட்னர் எல்லாம் அங்கே சும்மா கிடக்கும். அலை அடித்து ஓட்டையான படகையே ஒட்டுகிறவருக்கு இந்த மூக்கு எம்மாத்திரம்?

அங்கே ஒரு காமெடியும் ஒரு பாடமும் நடந்தன. காமெடி, ஃப்ரெண்டுக்கு. அவனிடம் ஒரு தெர்மாகோல் விமானம் இருந்தது. அதன் இறக்கைக்கும் ரெசின் தடவி ஸ்ட்ராங் ஆக்கிவிடலாம் என்று எடுத்து வந்திருந்தான். தடவிய இடம் வெயிலில் வைத்த குல்ஃபி மாதிரி குழிந்து உள்ளே போய்விட்டது. படகுக்குப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். சாதாரண ஃபெவிக்விக் வகைப் பசையும் இதே வேலையைச் செய்யும். தெர்மாகோலுக்கு எபாக்ஸியோ ஃபெவிகாலோதான் சரி. "மொதல்ல கேட்டிருக்கலாம்ல மச்சான்" என்றான் தம்பி. பல நாள் கழித்து அவன் சிரித்தது அன்றுதான்.

எங்கள் விமானம் மரம் என்பதால் தப்பித்தது. மாமா பழைய பசையைச் சுரண்டி, மரத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மூலைகளில் முக்கோணக் கட்டைகள் வைத்து, மேலே மேட் போட்டு ரெசின் ஊற்றினார். காய்ந்த பிறகு அந்த மூக்கைப் பிடித்து விமானத்தையே தூக்கி ஆட்டிக் காட்டினார். "இன்னாம்மா, இப்போ கயலுமா?"

கழலாது. ஆனால் வீட்டுக்கு வந்து எடை போட்டால் மூக்கு 60 கிராம் கூடியிருந்தது. படகில் நாலு சுற்று மேட் அதிகம் போட்டால் பாதுகாப்பு. விமானத்தில் அதுவே சுமை. புவியீர்ப்பு மையம் முன்னால் நகர்ந்துவிட்டது. இறக்கையின் முன்னோரத்திலிருந்து அகலத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும். எங்கள் இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர், அதனால் ஐந்து முதல் ஆறரை சென்டிமீட்டருக்குள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் தராசு மாதிரி சமமாக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனத்தாலும் ஓட்டிச் சமாளிக்கலாம். வால் கனத்தால் கை தேர்ந்தவருக்கே கஷ்டம். தம்பி ரெசினை அரம் போட்டுத் தேய்த்து இருபது கிராம் குறைத்தான், பேட்டரியைப் பின்னால் தள்ளினான். சரியாக நின்றது.

மிச்ச வேலையெல்லாம் வீட்டில். எல்லாக் கீலையும் கழற்றி மறுபடி ஒட்டினான். தளர்ந்திருந்த சர்வோவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மெட்டல் கியர் உள்ளதாக வாங்கி மாற்றினான். இறக்கையில் சுருங்கியிருந்த கலர் ஃபிலிம் சூட்டில் இறுகும் வகை. அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே காட்டன் துணி போட்டுத் தேய்த்தான். முறுக்கியிருந்த முனையை எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தபோது ஒன்பது மில்லிமீட்டர் இரண்டாகக் குறைந்தது. எடை குறைந்த இடது முனைக்குள் ஒரு சின்ன ஆணியைப் பதித்து ஒட்டினான். அம்மாவின் கஞ்சி போட்ட சேலையில் நீல நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

ஒரு மாற்றம் மட்டும் காசிமேட்டு மாமா சொல்லிச் செய்தது. இறக்கையை உடம்போடு சேர்க்க நாலு ஸ்க்ரூ கொடுத்திருந்தார்கள். "இத்த ஏன் முடுக்குற? கட்டுமரத்துல ஆணியா அடிக்கிறோம்? கவுத்துலதான கட்றோம். அலை அடிச்சா நெகிழ்ந்து குடுக்கும்" என்றார். பழைய பயிற்சி விமானங்களிலும் இதுதான் வழக்கம் என்று தம்பி பிறகு படித்துச் சொன்னான். உடம்பில் குறுக்கே இரண்டு குச்சி, இறக்கைக்கு மேல் ரப்பர் பேண்டுகள். மோதினால் ரப்பர் இழுபட்டு இறக்கை கழன்றுகொள்ளும், உடையாது. ஸ்க்ரூவைவிட இது மலிவு, கற்றுக்கொள்கிறவனுக்கு இதுதான் நல்லது. அப்படியிருந்தும் புது மாடல்களில் ஸ்க்ரூதான் 'பிரீமியம்' என்று விற்கிறது.

யார் பொறுப்பு?

இதையெல்லாம் யாராவது சோதித்துத்தான் விற்கிறார்களா என்று பார்த்தேன். பொம்மைகளுக்கு இந்தியாவில் தரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். ஆனால் அது 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு. தம்பியின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். மூலையில் '14+', கீழே 'இது பொம்மை அல்ல'. அவ்வளவுதான், அந்த வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது.

சரி, விமானம் என்று வைத்துக்கொண்டால்? 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகளில் மாடல் விமானங்களும் அடங்கும். 25 கிலோவுக்கு மிகாமல், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ பறக்கவிடுபவை 'மாடல்' வகை. இவற்றுக்குத் தயாரிப்புத் தரத்தைச் சோதித்துத் தரும் வகைச் சான்றிதழ் தேவையில்லை. இது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சான்றிதழ் கேட்டால் வீட்டில் ஒட்டிப் பறக்கவிடுகிற ஒரு பையன்கூட மிஞ்ச மாட்டான். ஆனால் பொம்மைக்கான சோதனையும் இல்லை, விமானத்துக்கான சோதனையும் இல்லை என்றால், சோதிக்க வேண்டிய ஆள் வாங்கியவர் மட்டும்தான்.

அது சும்மா விஷயமில்லை. ஒரு கிலோ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால், 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் அதிகமான ஆற்றல். பந்துக்காவது பேட்ஸ்மேன் ஹெல்மெட் போட்டிருக்கிறார். விமானத்துக்கு முன்னால் கத்தி மாதிரி காற்றாடி வேறு. மாஞ்சா நூலில் என்ன நடந்தது என்று கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் அப்பாவோடு பைக்கில் வந்த குழந்தையையே பறிகொடுத்த ஏரியா. வானத்தில் விடுகிற எதுவும் வேறொருவர் தலைக்கு மேல்தான் போகிறது.

பறக்கவிடும் இடத்துக்கும் கணக்கு உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மண்டலம் பிரித்த வான்வெளி வரைபடம் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கிறது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் என்று வரிசைகட்டி நிற்கிற எங்கள் பக்கத்தில் மொட்டை மாடியில் நின்று தூக்கி விடுகிற வேலையே வேண்டாம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத இடத்துக்குப் போங்கள். கடலோரம் காலியாக இருக்கிறதே என்றால், உப்புக் காற்றில் மோட்டார் பேரிங் துருப்பிடிக்கும், கல் கொட்டிய கரையில் இறக்க இடமும் இருக்காது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி வரப்போகிறது என்றால், பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். மூக்குப் பலகையின் நாலு ஓரமும், கீல்களும் தெரிகிற மாதிரி. முதலில் ஃபயர்வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அசைந்தாலோ முனகினாலோ அன்றைக்குப் பறக்காது. எல்லாக் கீலையும் இழுங்கள். கூச்சப்படாமல் இழுங்கள், கையில் வருவது நல்லது, வானத்தில் வருவதைவிட. காற்றாடியை மாட்டாமல் மோட்டாரை ஓடவிட்டு அதிர்வைப் பாருங்கள். மொட்டு மாதிரி உப்பியிருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடவே போடாதீர்கள், புதுசு என்றாலும் திருப்பி அனுப்புங்கள். இதற்கெல்லாம் பெரியப்பா வேண்டியதில்லை, ஒரு மதியம் போதும்.

பென்சில் கோடு தெரிகிற போட்டோவைத் தம்பி திரும்ப விற்றவர்களுக்கு அனுப்பினான். நாலு நாள் கழித்துப் புதுப் பலகை ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். மன்னிப்பு எதுவும் இல்லை. 'பைலட் எர்ரர்' என்ற வார்த்தையும் இந்த முறை இல்லை.

போன ஞாயிறு மறுபடி அதே வயல். இந்த முறை பல வருஷமாக விமானம் விடுகிற ஓர் அண்ணன் கூட வந்திருந்தார். கீழ் வீட்டுப் பையனையும் கூட்டிப் போனோம். அவன் அம்மாவிடம் நேரில் கேட்டு, எங்கள் அம்மா பொறுப்பேற்று, பைக் நிறுத்திய இடத்தைத் தாண்டி வரக் கூடாது என்ற கண்டிஷனோடு. முதலில் அண்ணன் ஓட்டினார். இரண்டு சுற்று போய் வந்ததும் "வலது பக்கம் லேசா இழுக்குது, மத்தபடி சூப்பர்" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைத் தம்பி கையில் கொடுத்தார். நான் வீடியோ எடுத்தேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு. நாலு நிமிஷம் இருபது விநாடி. இறங்கும்போது ஒரு வரப்பில் தட்டி, ரப்பர் பேண்டு தெறித்து, இறக்கை கழன்று புல்லில் விழுந்தது. உடையவில்லை.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம். தம்பி ஓடிப் போய் விமானத்தைத் திருப்பி, மூக்கு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது என் போன் அடித்தது. பெரியப்பா.

"மூக்கு?"

"இருக்கு பெரியப்பா."

"சரி. மீன் வாங்கியாச்சானு அம்மாவக் கேளு" என்று வைத்துவிட்டார்.